அங்கே எப்படியோ இங்கே அப்படி

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றுமில்லை என்று முதலில் ஒரு வரி எழுதிவிடு, அப்புறம் சண்டை போடலாம்.

நேற்று மத்தியானம் இரண்டு பஸ்களில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். தூதர், அவர் வீட்டம்மா, விசா பிரிவு, சமையல்காரர், தூதர் வீட்டு நாய். நாய்க்குக்கூட ஜன்னலோர சீட்டு. இரண்டு நாடும் உறவை முறித்துக்கொண்டாலும் கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போகக்கூடாதாம். ஒருத்தர் இருந்து காலையில் கொடியை ஏற்றி, சாயங்காலம் இறக்க வேண்டும். "பிள்ளை குட்டி இல்லாதவங்க யாரு?" என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கோப்பறையில் தூசி தட்டுகிற நான் கையைத் தூக்கிவிட்டேன்.

உறவை முறிக்கும் கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். தொடக்கத்தில் "தங்கள் அரசுக்கு எமது மேலான மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறோம்", முடிவிலும் அதே மரியாதை. நடுவில் மட்டும் "இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டோம்". சண்டையிலும் என்ன ஒரு பணிவு பார்!

இங்கே நாற்பத்தொரு அறை. குழாய் துருப்பிடிக்காமல் இருக்க, தினமும் எல்லாக் குழாயையும் மூன்று நிமிஷம் திறந்துவிடுகிறேன். திங்கட்கிழமை காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் உறும விடுகிறேன். பதினேழு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறேன். டெலிபோனைத் துண்டித்துவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு மணி நேரம், கடைக்குப் போய் வரலாம். மாதம் ஒரு கடிதம். அது மூன்றாவது நாட்டுத் தூதரகத்தின் பையில் சுற்றிக்கொண்டு உன்னிடம் வரும். நடுவில் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம்.

முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் ஊரில் அவர்கள் தூதரகத்திலும் என்னைப் போல ஒருத்தனை விட்டுவைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு விதி: அங்கே எப்படியோ இங்கே அப்படி. அங்கே அவன் குழாயில் தண்ணீரை நிறுத்தினால் இங்கே என் குழாயிலும் நிற்கும். அவனுக்கு டாக்டர் வந்தால் எனக்கும் வருவார். அவன் வீடு திரும்பும் நாளில்தான் நானும் திரும்ப முடியும், ஒரே நேரத்தில், ஒரே பாலத்தில். அந்தக் கட்டடம் உன் அச்சகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அவனைப் பார்த்தால் என்னைப் பார்த்த மாதிரிதான்.

உன் பையனின், என் ஒரே மருமகனின் அடக்கத்துக்கு நான் வரவில்லை என்ற கோபம் உனக்கு இன்னும் ஆறியிருக்காது. எல்லை அடைத்திருந்தது. வேறென்ன சொல்வேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

---

மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்ட வரியை எழுதிவிட்டேன். இனி சண்டை.

அந்த நாய்க்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லை. உன்னைக் கையைத் தூக்கச் சொன்னது யார்? பிள்ளை குட்டி இல்லாதவனாம். ஒரே ஒரு மருமகனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தாயே, அவனைக் குன்றுச் சண்டையில் கொன்றவர்களின் ஊரில் உட்கார்ந்து அவர்களுடைய கடிகாரம் ஓடுகிற நேரத்துக்கு நம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாய்.

என் மேஜை மூன்றாவது மாடியில், நாலாவது ஜன்னலுக்கு நேராக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவர்கள் முற்றம் முழுக்கத் தெரியும். உன் கடிதம் வந்த அன்றே மேஜையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். "வெளிச்சம் முதுகுல விழுந்தா எப்படிம்மா தைப்பே?" என்று மேஸ்திரி கேட்டார். "கை தானா தைக்கும்" என்றேன். தைக்கிறது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள். வரலாற்றுப் பாடம் இந்த வருஷம் நாற்பது பக்கம் கூடியிருக்கிறது.

நான் பார்க்காவிட்டாலும் மேஸ்திரி வாய் ஓயவில்லை. அவனுக்கு வழுக்கைத் தலையாம். ஒரு காலை இழுத்து நடப்பானாம். காலையில் முற்றத்தை நாற்பது சுற்று சுற்றுவானாம். சுற்றட்டும்.

பையனின் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழேயே நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்குக் கேட்டாள். பஞ்சர் என்று சொல்லிவிட்டேன்.

உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? குளிரில் தலைக்குக் குளிக்காதே.

உன் தங்கச்சி

---

ஏப்ரல் 25

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் சௌக்கியம். சளி என்னைவிட்டுப் போகாது, அதற்கும் போக வேறு இடமில்லை. உன் கண் எப்படி? வெளிச்சத்துக்கு முதுகு காட்டித் தைத்தால் கண் கெட்டுப்போகும்.

ஒரு சங்கதி. மூன்று வாரமாக, வியாழக்கிழமை மத்தியானம், கேட்டில் காவல் நிற்கும் போலீஸ்காரர் கம்பியைத் தட்டுகிறார். மீசை பெரிசு என்பதால் நான் அவருக்கு மீசை என்றே பேர் வைத்திருக்கிறேன். கையில் ஓர் அலுமினியத் தூக்குவாளி, சிவப்புக் கோடு போட்ட துண்டில் சுற்றி. திறந்தால் சுடச்சுடக் காய்கறி சூப், மேலே இரண்டு ரொட்டி, ஓர் அவித்த முட்டை. "யாரு குடுத்தாங்க?" என்றேன். "அதெல்லாம் கேட்காதீங்க, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றார்.

முதல் வாரம் மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். விஷம் வைத்திருப்பார்களோ என்று பயம். அப்புறம் நாற்பத்தொரு அறையில் ஒருத்தன் செத்தால் யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. குடித்துவிட்டேன். ஒரு மாதமாக வாய்க்குள் சூடாக எதுவும் போகவில்லை தங்கச்சி. அழுதுவிட்டேன். எழுதினால் நடுவில் படிக்கும் ஐயா சிரிப்பார். சிரிக்கட்டும்.

ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்ததில் புரிந்தது. அங்கே எப்படியோ இங்கே அப்படி. உங்கள் ஊரில் யாரோ அவனுக்குக் கொடுக்கிறார்கள், அதனால் இங்கே எனக்குக் கொடுக்க விடுகிறார்கள். அங்கே அந்த யாரோ யாராக இருக்க முடியும்? மேஜையைத் திருப்பினேன் என்று வீராப்பாக எழுதிவிட்டு, நீ வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிறாய். சின்ன வயசிலும் இப்படித்தான், என்னை அடித்துவிட்டு உன் பங்கு மிட்டாயைத் தலையணைக்கடியில் வைப்பாய்.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். நானும் கேட்க மாட்டேன். நன்றி என்று மட்டும் எழுதிவைக்கிறேன். நன்றாக இரு.

உன் அண்ணன்

---

மே 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ வயிறாரச் சாப்பிடுகிறாய் என்று படித்ததும் எனக்கு இரண்டு நாள் நன்றாகத் தூக்கம் வந்தது.

இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. கூரை ஒழுகுகிறது. மேஸ்திரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். என் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை மேஜையைத் துடைக்கிற துணியை உதற ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவன் கீழே வெயிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்தான். நான் திரும்பிக்கொண்டேன். பொத்தான் தைக்க ஆம்பிளைகளுக்குத் தெரியாது, நூலைப் பல்லால் கடித்து இழுக்கிறார்கள். நீயும் அப்படித்தான் செய்வாய்.

சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா? ரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி

---

ஜூன் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறேன். ஒரு சுற்று பருத்தும்விட்டேன். பெல்ட்டில் ஓர் ஓட்டை தள்ளிப் போடுகிறேன். உன் புதுக் கண்ணாடி மூக்கை அழுத்தாமல் இருக்கிறதா?

மீசைக்கும் எனக்கும் பேசக்கூடாது என்று உத்தரவு. அதனால் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவார், நான் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். இந்த ஊர்க்காரர்கள் பேசுவது நம் பாஷையேதான், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார்கள். நம் அப்பா காலத்தில் இதெல்லாம் ஒரே நாடு, ஒரே ரயில். திட்டிக்கொள்வதற்காவது ஆளுக்கொரு பாஷை வைத்துக்கொண்டிருக்கலாம்.

போன வாரம் மீசை ரோட்டைப் பார்த்துக் கேட்டார்: "உங்க ஊர்லயும் எங்க ஆளுக்குச் சாப்பாடு குடுக்கிறாங்களா?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "குடுக்காம? என் தங்கச்சியே குடுக்கிறா. எதிர்ல புத்தகம் தைக்கிற இடம், மூணாவது மாடி, நாலாவது ஜன்னல். அவதான்" என்றேன்.

அன்று அவர் காலி வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வாரம் வாளியைக் கொடுக்கும்போது சொன்னார்: "சூப் குடுத்தனுப்புறது அங்க இருக்கிற எங்க ஆளோட வீட்டம்மாதாங்க. உங்களுக்கு ஒரு வாய் குடுத்தா அவருக்கு அங்க ஒரு வாய் குடுப்பாங்கன்னு நம்பிக் குடுக்கிறாங்க. உங்க தங்கச்சி விஷயத்தைச் சொன்னேன். அழுதுட்டாங்க. அந்தத் தங்கச்சி நல்லா இருக்கணும்னாங்க."

நான் நினைத்தது தலைகீழ். நீ கொடுத்ததைப் பார்த்து அந்த அம்மா கொடுக்கவில்லை. அவர் ஒரு பக்கம் தொடங்கினார், நீ ஒரு பக்கம் தொடங்கினாய், ஒருவரை ஒருவர் தெரியாமலே. இதைக் கேட்டால் உனக்கும் கொஞ்சம் மனசு லேசாகும் என்றுதான் எழுதுகிறேன். அந்த அம்மா தன் புருஷனுக்கும் இந்த மாதப் பையில் உன்னைப் பற்றி எழுதுகிறாராம்.

நலமாக இரு.

உன் அண்ணன்

---

ஜூலை 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமா? பை வந்தது, உன் கடிதம் இல்லை. மூன்றாவது நாட்டு ஆள் பையைத் தலைகீழாக உதறிக் காட்டினார். உடம்புக்கு ஏதாவதா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? போன கடிதத்தின் நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

பேச ஆளில்லாமல் அறைகளுக்குப் பேர் வைத்திருக்கிறேன். விசா அறைக்கு முணுமுணுப்பு. வரவேற்பறைக்கு மாமியார். காலையில் கதவைத் திறந்து "என்ன மாமியார்?" என்கிறேன். சிரிக்காதே. மழை தொடங்கிவிட்டால் முற்றத்திலும் நடக்க முடியாது, அப்புறம் அறைகள்தான்.

அந்த அம்மாவுக்குப் புருஷனிடமிருந்து பதில் வந்துவிட்டதாம். வியாழக்கிழமை தவறாமல் சூப் வருகிறது, ருசியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாராம். மீசை சொன்னார். அந்த அம்மா ஒன்று கேட்டனுப்பியிருக்கிறார். மழைக்காலத்தில் அவருக்கு இழுப்பு வரும், மூச்சு முட்டும், வெந்நீர் மட்டும்தான் குடிக்க வேண்டும், உன்னிடம் சொல்லச் சொன்னார். "என் தங்கச்சி பார்த்துக்குவா" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.

உன் அண்ணன்

---

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. போன மாதம் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

நீ எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். அந்த அம்மா சொன்னதையும் படித்தேன். நான்கு தடவை படித்தேன்.

இங்கே மழை. மூன்று நாளாக எதிர்க் கட்டடத்தில் கொடியை இறக்கவில்லை. ராத்திரியும் நனைந்துகொண்டு தொங்குகிறது. மேஸ்திரி கேலி செய்கிறார், "சோம்பேறி, தூங்கிட்டான்" என்று. மறந்திருப்பான். மழையில் யாருக்கும் வெளியே வரப் பிடிக்காதுதானே.

உன் காலுக்கு ரப்பர் செருப்பு இருக்கிறதா? வழுக்கி விழாதே.

உன் தங்கச்சி

---

செப்டம்பர் 2

அண்ணா,

இந்த ஒரு கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள். நடுவில் படிக்கிற ஐயா, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதில் ஒரு வரியையும் மை பூசி அடிக்காமல் அனுப்புங்கள்.

நான் அவருக்கு ஒரு வாய் சூப்கூடக் கொடுத்ததில்லை. ஒரு நாளும் ரோட்டைத் தாண்டியதில்லை. நீ நன்றி எழுதியபோதே இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் உனக்கு வாளி நின்றுவிடுமோ என்று பயந்தேன். அது ஒரு காரணம். நீ என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், அது பிடித்திருந்தது. அது இன்னொரு காரணம். ஆனால் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. என் பையன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் ஆளுக்கு நான் எதற்கு ஊட்ட வேண்டும்?

கொடி முதல் நாள் இறங்காதபோதே எனக்குத் தெரியும் அண்ணா. உன்னைப் போல ஓர் அண்ணன் கூடப் பிறந்திருக்கும்போது, கொடி ஏற்றுகிறவன் கொடியை மறக்க மாட்டான் என்று எனக்குத் தெரியாதா? இழுப்பு வரும் என்று நீ எழுதியதும் என் மடியிலேயே இருந்தது. மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடக்கட்டும் என்று நினைத்தேன். இதை நான் நினைத்தேன், வேறு யாரும் இல்லை.

உனக்குக் கடிதத்தைப் பையில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சைக்கிளில் இடித்துக்கொண்டேன். அது சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தும்போதுதான், அவர் செத்தால் பாலத்தில் உனக்கு எதிர்ப்பக்கம் நடந்து வர ஆள் இருக்காதே என்று உறைத்தது. நல்ல மனசோடு போகவில்லை. உனக்காகத்தான் போனேன்.

விடிந்ததும் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் நம் போலீஸ்காரர் விடவில்லை. "உத்தரவு இல்லைம்மா" என்றார். "எங்க அண்ணனுக்கு அங்க குடுக்கிறாங்களே, அங்க எப்படியோ இங்க அப்படித்தானே?" என்றேன். "அதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். உன் ஏப்ரல் மாதக் கடிதத்தைக் காட்டினேன். சிவப்புக் கோடு போட்ட துண்டு, இரண்டு ரொட்டி, அவித்த முட்டை எல்லாம் எழுதியிருக்கிறாயே. பிரித்துப் படித்ததற்கு முத்திரையும் இருந்தது. அவருடைய அதிகாரி வந்து இரண்டு தடவை படித்துவிட்டு, "முட்டையும் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. கேட்டைத் திறந்தார்கள்.

கோப்பறையில் ஒரு கட்டிலில் கிடந்தார். விலா எலும்பு ஏறி இறங்கியது, மூச்சு இழுக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. பக்கத்தில் தண்ணீர்ப் பானை காலி. உன் கட்டடத்தைப் போலப் பதினேழு இல்லை, ஒன்பது கடிகாரம், ஒன்றும் ஓடவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்கதானே மூணாவது மாடி? முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவங்க?" என்றார்.

தலையைப் பிடித்து நிமிர்த்தினேன். ஒரு வாய் ஊட்டினேன். விழுங்கினார். "உப்புக் குறைவு" என்றார்.

டாக்டர் அன்று சாயங்காலமே வந்தார். ஊசி போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர்கள் அரசின் சம்மதக் கடிதம் வேண்டுமாம், அது மூன்றாவது நாட்டைச் சுற்றித்தான் வர வேண்டுமாம். அவர்கள் மரியாதையும் மரியாதையுமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். "நாலு நாள் முன்னாடி பார்த்திருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பதினோரு நாள் வேலைக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன்.

ஒரு நாள் கேட்டேன்: "சூப் வருதுன்னு உங்க வீட்டுக்கு ஏன் எழுதினீங்க?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "என் வீட்டுக்காரி அப்படி எழுதியிருந்தா. இல்லேன்னு எழுதினா அவளும் நிறுத்திடுவாளோன்னு நினைச்சேன். உங்க அண்ணன் அங்க தனியா இருக்காரு. இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவருக்காவது வரட்டுமேன்னு எழுதிட்டேன்."

அப்புறம், "மாசம் ஒரு வியாழக்கிழமை உங்க ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கிட்டுதான் எழுத உட்காருவேன். அப்பத்தான் பொய்யும் கொஞ்சம் நிஜமா இருக்கும்" என்றார்.

என் பையனைப் பற்றிச் சொன்னேன். எந்தக் குன்று என்று கேட்டார். சொன்னேன். அவருடைய காலும் அங்கேதான் போனதாம், அது முந்தின சண்டையில். வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 28, காலை பத்தரை மணிக்குப் போய்விட்டார். சம்மதக் கடிதம் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் மேலான மரியாதை இருந்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று முந்தின நாள் கேட்டுக்கொண்டார். அந்த அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா, நீயே முடிவு செய். என்னை என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். நீ திரும்பி வருவதைக் கெடுத்தவளும் நான்தான்.

உன் தங்கச்சி

---

செப்டம்பர் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் ஆகஸ்ட் பதினாறாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. மூன்று நாளாகக் கொடி இறங்கவில்லை என்றால் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். மறதி இல்லை, சோம்பல் இல்லை. நூற்று மூன்று காய்ச்சலிலும் நான் தவழ்ந்து போய் இறக்கியிருக்கிறேன். உடனே போ. கேட்டைத் தட்டு, கத்து, கல்லை விட்டெறி. வெந்நீர் கொடு. நிமிர்த்தி உட்கார வை.

இதை எழுதும்போதே தெரிகிறது, உன் கைக்கு வரும்போது மாதமாகிவிடும். இருந்தாலும் எழுதுகிறேன், வேறென்ன செய்ய முடியும் என்னால்? நீ வியாழக்கிழமை போகிறவள், கட்டாயம் பார்த்திருப்பாய். பார்த்திருப்பாய் அல்லவா?

இன்றைக்கு வாளி வந்தது. மீசை முகத்தைப் பார்க்காமல் வாங்கினேன். மூடியைத் திறக்கவில்லை.

உன் அண்ணன்

---

அக்டோபர் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நாலு நாள் பதில் எழுதக்கூடாது என்றே இருந்தேன். குழாய்களைக்கூடத் திறக்கவில்லை. அப்புறம் என் நகல்களை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். நீ ஒரு இடத்திலும் கொடுக்கிறேன் என்று எழுதவில்லை. நானே நினைத்துக்கொண்டேன், நானே நன்றி சொன்னேன், நானே போலீஸ்காரரிடம் போய்ப் பெருமையடித்தேன். என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த மனுஷன் பட்டினி வயிற்றோடு ருசியாக இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. நீ கொடுக்காத சூப்புக்கு நான் பெருமைப்பட்டேன், அவர் சாப்பிடாத சூப்பில் நான் பருத்தேன்.

அந்த அம்மாவுக்கு அரசாங்கம் தாமதமாகத்தான் சொல்லியிருக்கிறது, இரண்டே வரியில்: இறந்த தேதி, எதிர் அச்சகத்துப் பெண் கூட இருந்தாள் என்று. செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி கேட்டுக்கு வந்துவிட்டார். மீசை ரோட்டைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டார், வெகு நேரம் திரும்பவில்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கையில் காய்கறிப் பை. உன் கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது, என் சட்டைப் பையில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கம்பிகிட்டே போனேன்.

"உங்க தங்கச்சி கடைசி வரைக்கும் கூட இருந்தாங்களாமே" என்றார்.

"ஆமாங்க. பதினோரு நாள்."

"கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"சூப்தாங்க."

"என்ன சொன்னார்?"

எனக்கு உன் கடிதத்தில் இருந்தது மட்டும்தான் தெரியும். "உப்புக் குறைவுன்னாராம்" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்காமல் அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்த தக்காளி உருண்டு போனது. "இருபத்தாறு வருஷமா இதையேதாங்க சொல்றாரு. எவ்வளவு போட்டாலும் குறைவும்பாரு" என்றார். அப்புறம் அழுதார். அழுகை கொஞ்சம் நின்ற பிறகு சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்: "கடுதாசியில எல்லாம் ருசியா இருக்கு, ருசியா இருக்குன்னே எழுதினாரு. அவரு அப்படிச் சொல்ற ஆளே இல்ல. நான் வருத்தப்படக் கூடாதுன்னு பொய் எழுதுறாருன்னு எனக்கு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நிஜமாத்தான் குடுத்திருக்காங்க. இப்பத்தாங்க நம்பினேன்."

சட்டைப் பையில் வைத்த கையை எடுத்துவிட்டேன். நான் சொல்லவில்லை தங்கச்சி. இனியும் சொல்ல மாட்டேன்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே யாரும் கொடுக்கவில்லை என்று மனசுக்குள் தெரிந்துகொண்டே, இரண்டு மாதமாக வாரம் தவறாமல் எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கேட்கலாம் என்று திரும்பினேன், தெருமுனை தாண்டிப் போய்விட்டார்.

அவர் ஆளும் போய்விட்டார், இனி வாளி வராது என்று கழுவித் துடைத்து மீசையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. அதே வாளி, அதே துண்டு, சூப், இரண்டு ரொட்டி, முட்டை. "எதுக்கு இன்னும்?" என்றேன். மீசை முதல் தடவையாக ரோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நானும் கேட்டேங்க. அவரு இன்னும் சாப்பிட்டு முடிக்கலையேன்னு உங்களைக் காட்டிச் சொல்றாங்க" என்றார்.

கொடிக்கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அடுத்த மாதம் அவர்கள் பக்கம் புதுசாக ஓர் ஆள் உங்கள் ஊருக்கு வருகிறாராம். அவர் வந்து, பழகி, எங்கள் இருவரையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பும் வரை எனக்கு இங்கேதான். அவர் எப்படிப்பட்டவரோ, தெரியாது. மழை போனதும் முற்றத்தில் நடப்பார். உன் மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொள், கண்ணுக்கும் நல்லது. சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்